பாணனுக்குரிய பங்கு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை என்பர். தொட்டிலில் தாலாட்டு, வயலில் நடவுப் பாட்டு, மணப்பந்தலில் மங்கல மேளம், இறுதி ஊர்வலத்தில் பறை என்று தமிழர் வாழ்வு இசையோடு தொடங்கி இசையோடு முடிகிறது. ஆனால், அந்த இசையை நமக்குத் தருகின்றவர் எதை உண்டு வாழ்கிறார் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? கச்சேரி முடிந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம். கைதட்டல் செவிக்கு இனியதுதான். வயிற்றுக்கு அது சோறாகுமா?

பொருளியல் படிக்கும் மாணவன் நான். நாகசுரம் வாசித்துக் குடும்பம் நடத்தும் தாய்மாமனின் வீட்டில் வளர்ந்தவன். ஆகவே, வகுப்பறையில் உழைப்பு, கூலி, உடைமை என்னும் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் என் கண்முன் ஆலைத் தொழிலாளி தோன்றுவதில்லை. தோளில் நாகசுர உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாமாதான் தோன்றுகிறார். இசைத்தட்டு முதல் செயற்கை நுண்ணறிவு வரை வந்த பொறிகளும், அவற்றைக் கையில் வைத்திருக்கும் பெரு நிறுவனங்களும், இசையைத் தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வை எப்படி மாற்றின, இன்னும் எப்படி மாற்றுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டவரே கொடுத்த காலம்

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் கலைஞர்களைப் பற்றியவை. பரிசில் பெற்று வரும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் போ, இன்ன வழியில் போ என்று காட்டுவதே அவற்றின் பொருள். இலக்கிய நயத்திற்காக நாம் படிக்கும் அந்நூல்களில் ஒரு பொருளியல் உண்மையும் உண்டு. அன்று இசையைக் கேட்டவனே பொருளைக் கொடுத்தான். பாணனின் யாழ் ஒலிக்கும் இடத்தில்தான் மன்னனின் செவியும் இருந்தது, கையும் இருந்தது. இடையில் மூன்றாமவன் எவனும் இல்லை.

பிற்காலத்தில் கோயில் அந்த இடத்தைப் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளையும், நட்டுவம் செய்வோர், வங்கியம் ஊதுவோர், உடுக்கை வாசிப்போர் முதலிய பலரையும் குறிப்பிட்டு, அவரவர்க்குரிய பங்கினை வரையறுக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெற்றவர் மறைந்தால் அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கினைப் பெறலாம் என்றும் கல்வெட்டு கூறுகிறது. அம்முறையில் குறைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. பிறப்போடு தொழிலைப் பிணைத்த முறை அது. அதன் கொடுமைகளை வரலாறு அறியும். ஆயினும் ஒரு சொல்லை மட்டும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கலைஞருக்குக் கொடுத்ததைக் கல்வெட்டு கூலி என்று சொல்லவில்லை, பங்கு என்று சொல்லிற்று. கூலி வேலை முடிந்ததும் தீர்ந்துபோவது. பங்கோ, விளைச்சல் உள்ளவரை வருவது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒலி கையை விட்டுப் பிரிந்தது

1877-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடிசன் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டுபிடித்தார். 1902-இல் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து பாடகியர் பலரின் குரல்களைப் பதிவு செய்தார். அவர்களுள் புகழ் பெற்றவர் கௌகர் ஜான். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். செருமனி நாட்டில் தட்டை அச்சிடுபவர்க்கு யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார் என்பர். பின்னர் இசைத்தட்டுத் தொழிற்சாலை வங்கத்திலேயே எழுந்தது. நம் தமிழ்நாட்டிலும் நாடக மேடைப் பாடகர்களின் குரலும், திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியும் தட்டுகளில் ஏறி மூலை முடுக்கெல்லாம் ஒலித்தன.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. கோயில் வாசலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாதவனும் தேநீர்க் கடை வாசலில் நின்று தோடியைக் கேட்டான். அதற்காக அப்பொறியை நாம் வாழ்த்தவே வேண்டும். ஆனால், மனித வரலாற்றில் முதன்முறையாக ஒலி, ஒலித்த கையை விட்டுப் பிரிந்தது. வாசித்தவர் தஞ்சையில் உறங்கிக்கொண்டிருக்க, வாசிப்பு மட்டும் சிங்கப்பூரில் விலை போயிற்று. புகழ் பெற்றவர்கள் பேரம் பேசித் தமக்கென ஒரு தொகை பெற முடிந்தது. பக்கவாத்தியம் வாசித்தவருக்கோ அன்றைய கூலி அன்றோடு சரி. பங்கு என்பது கூலியாக மாறிய இடம் இதுதான்.

இந்நிலை நமக்கு மட்டும் வந்ததன்று. ஊமைப் படக் காலத்தில் திரைக்குக் கீழே அமர்ந்து இசைக்கலைஞர்கள் வாசிப்பது உலகெங்கும் வழக்கம். 1927-இல் அமெரிக்காவில் பேசும் படம் வெற்றி பெற்றதும், அரங்குகளில் வாசித்துவந்த பல்லாயிரம் பேர் சில ஆண்டுகளில் வேலை இழந்தனர். அந்நாட்டு இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டு முதல் நாள் ஒரு போராட்டத்தைத் தொடங்கிற்று. மேடையில் வாசிப்போம், இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்பதே அதன் முழக்கம். ஈராண்டுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குத் தர நிறுவனங்கள் இணங்கின. வேலையற்ற கலைஞர்களை அமர்த்தி மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்த அந்நிதி பயன்பட்டது. பொறியை உடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறி ஈட்டும் பொருளில் பங்கு கேட்டனர், ஓரளவு பெற்றனர்.

ஒத்து ஊத ஆளில்லை

என் மாமாவின் இளமையில் ஒரு மேளம் என்றால் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று ஆறு பேர். ஒத்து என்பது சுருதிக்காக இடையறாது ஊதப்படும் குழல். தானாக எதையும் வாசிக்காமல் அடுத்தவர் வாசிப்புக்குத் துணையாக ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பவர் என்பதால்தான், பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை ஒத்து ஊதுகிறான் என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கு வந்தது. ஏளனத்திற்கு ஆளான அந்த வேலையில் எத்தனை மூச்சு வேண்டும் என்பது ஊதியவர்க்குத்தான் தெரியும். பெரும்பாலும் மேளத்தில் புதிதாகச் சேர்ந்த சிறுவனே ஒத்து ஊதுவான். மணிக்கணக்கில் ஊதி ஊதி அவனுக்கு மூச்சும் சுருதியும் வயப்படும். அதுவே அவன் பள்ளிக்கூடம்.

பிறகு மின்னணுச் சுருதிப் பெட்டி வந்தது. அது களைப்பதில்லை, காப்பி கேட்பதில்லை, பேருந்துக் கட்டணம் கேட்பதில்லை. ஒத்து ஊதுபவர் மேளத்திலிருந்து மெல்ல மறைந்தார். வழக்குச் சொல் மட்டும் நம் நாவில் எஞ்சியிருக்கிறது. ஒரு கூலி மிச்சமாயிற்று என்று மகிழ்ந்தவர்கள், ஒரு சிறுவனின் பள்ளிக்கூடமும் அதோடு மூடப்பட்டதை எண்ணவில்லை.

அடுத்து, பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் முரசும் மணியும் சேகண்டியும் மின்விசையால் தாமாக முழங்கும் பொறி வந்தது. விசையைத் தட்டினால் போதும். வருவாய் குறைந்த சிறு கோயில்களை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. மேளக்காரருக்கு மாதச் சம்பளம் தர அவற்றால் இயலாது. ஆயினும் அதன் விளைவை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். முன்பு மாமாவுக்குக் கோயிலில் நாள்தோறும் இரு வேளை வாசிப்பு இருந்தது. சம்பளம் மிகச் சிறியதுதான். ஆனால் அந்த இரு வேளையும்தான் அவருடைய சாதகம். இப்போது முகூர்த்த நாள் பார்த்து வரும் திருமணங்களையே அவர் நம்பியிருக்கிறார். மார்கழியும் ஆடியும் வந்தால் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும்.

2020-இல் கொரோனா பரவித் திருவிழாக்கள் நின்றபோது இந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. சித்திரை முதல் ஆவணி வரை ஈட்டுவதைக் கொண்டே ஆண்டைக் கடத்தும் குடும்பங்கள் அவை. அந்த ஆண்டில் எங்கள் தெருவில் தவிலை உறையிலிட்டு வைத்துவிட்டுக் காய்கறி விற்கப் போனவர்களை நான் அறிவேன்.

திரைக்குப் பின்னால்

கோயில் மேளத்திற்கு நேர்ந்தது சென்னைத் திரையிசைக் கூடங்களிலும் வேறு வடிவில் நேர்ந்தது. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பின் தமிழ்ப் படம் என்றாலே பாட்டு என்றாயிற்று. வயலின், செல்லோ, குழல், தபேலா, கிடார் என்று பெருங்கூட்டமாகக் கலைஞர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி வாசித்து, ஒரு பாடலை முடித்த காலம் இருந்தது. அவர்களைத் தொழிலாளர்களாகக் கருதி அமைப்பாகத் திரட்ட உழைத்த முன்னோடிகளுள் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் குறிப்பிடத்தக்கவர். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனின் நடிப்பை வியக்காதவர் இல்லை. அந்த நாகசுரத்திற்கு மூச்சைத் தந்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்பியது ஒருவருக்கு, மூச்சு முட்டியது வேறிருவர்க்கு என்று மாமா வேடிக்கையாகச் சொல்வார்.

1980-களில் கணினியோடு இணைந்த மின்னணு இசைக்கருவிகள் கூடங்களுக்குள் வந்தன. 1992-இல் ‘ரோஜா’ படத்தின் வாயிலாக அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், தம் வீட்டு வளாகத்தில் அமைத்த சிறு கூடத்திலேயே புதியதோர் ஒலியை உருவாக்கினார். ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து வாசித்துப் போனால் போதும். சேர்ப்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்ற முறை பரவிற்று. இதில் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரகுமான் ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். இசையமைப்பாளராக இருந்த தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் பிழைத்தது. ஆக, கருவியை உடையவர்க்கு வருவாய் தொடர்ந்து வரும் என்பதற்கு அவர் இளமையே சான்று. கருவியை உடையவர் ஒரு விதவைத் தாயாக இருந்தபோது அது ஒரு குடும்பத்தைக் காத்தது. கருவியை உடையது பெரு நிறுவனமாக இருந்தால் யாரைக் காக்கும் என்பதே இன்றைய வினா.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. படத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து இசையமைக்கச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் தனிக்குறிப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாட்டுக்கு உயிர் தரும் பாடகருக்கு நம் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லையே என்று சுட்டிக்காட்டினார். அக்குறை நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 1994-இல் நிகழ்த்துநர் உரிமை என்பது சட்டத்தில் இடம் பெற்றது. 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாடலின் பிற பயன்பாடுகளில் தமக்குரிய சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும், நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமைத் தொகை உண்டு என்றும் வகுத்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். 2013-இல் பாடகர்களுக்கெனத் தனி உரிமைச் சங்கமும் தோன்றிற்று.

ஆயினும் அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு படத்தில் ஒருவருடைய பங்கேற்பு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும், எழுத்துப் பட்டியலிலும்கூட, குறிக்கப்படுவதில்லை என்றால், உரிமைத் தொகைக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். படம் தொடங்கும்போது ஓடும் பெயர்களை நாம் யாரும் படிப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் இடையில்தான் ஒரு தவில் கலைஞரின் முதுமைக் கால வாழ்வு ஊசலாடுகிறது. பெயர் இல்லாதவனுக்குப் பங்கும் இல்லை என்று வாதாட அங்கே இடம் கிடைத்துவிடுகிறது. கௌகர் ஜான் தட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொன்னது எவ்வளவு பொருள் பொதிந்த செயல் என்பது இப்போது விளங்குகிறது அன்றோ?

தியாகய்யர் யாருக்குச் சொந்தம்?

இனி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கோயில் திருவிழாவில் மாமா ஆரபி இராகப் பஞ்சரத்தினக் கீர்த்தனையை வாசித்தார். அவருடைய மகன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து காணொளித் தளம் ஒன்றில் ஏற்றினான். அக்கம் பக்கத்து ஊர்க்காரர்களும், அயல்நாட்டில் வேலை பார்க்கும் உறவினர்களும் ஆர்வத்தோடு கேட்டார்கள். சில நாள் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது. அந்த இசை வேறொரு நிறுவனத்தின் உடைமை என்றும், அக்காணொளியில் வரும் விளம்பர வருவாய் அந்நிறுவனத்தையே சேரும் என்றும் அதில் கண்டிருந்தது.

மாமாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கினேன். நிறுவனங்கள் தாம் வைத்திருக்கும் பதிவுகளை அத்தளத்திடம் ஒப்படைத்து வைத்திருக்கின்றன. புதிதாக யார் எதை ஏற்றினாலும் ஒரு கணிப்பொறி அதை அப்பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதே கீர்த்தனையை வேறொருவர் வாசித்த பதிவு ஒன்று அந்நிறுவனத்திடம் இருக்கிறது. இராகமும் காலமும் ஒத்துப்போனதால், இவர் வாசிப்பையும் அதுவென்றே பொறி எண்ணிவிட்டது. கீர்த்தனை ஒன்றாக இருக்கலாம், ஊதிய மூச்சு வேறு என்பதைப் பொறி அறியவில்லை.

கேட்டுவிட்டு மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தியாகய்யர் எங்கிட்ட ஒரு காசு கேக்கலே மாப்ளே. இவங்க யாரு குறுக்கே?” என்றார்.

தியாகய்யர் மறைந்தது 1847-இல். அவர் கீர்த்தனைகளுக்கு இன்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. அரசவைக்கு வர மறுத்து, உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவர் என்று அவரைப் போற்றுகிறோம். விற்க மறுத்தவரின் இசைக்கு விற்பவர்கள் வேலி போட்டிருக்கிறார்கள். நானும் மாமாவின் மகனும் ஆங்கிலத்தில் மறுப்பு எழுதி அனுப்பினோம். ஐந்தாம் வாரம் அந்த உரிமைக் கோரிக்கை விலக்கப்பட்டது. அதற்குள் கேட்க விரும்பியவர்கள் எல்லாரும் கேட்டு முடித்திருந்தார்கள். போன தொகை ஒரு நல்ல சீவாளி வாங்கவும் போதாதது. அதைப் பற்றி மாமா கவலைப்படவில்லை. எழுதத் தெரிந்த மருமகன் இல்லாத மேளக்காரன் என்ன செய்வான் என்பதே அவர் கேட்ட கேள்வி.

கேட்பவர் கோடி, பெறுபவர் யார்?

இப்போது தட்டும் இல்லை, ஒலிநாடாவும் இல்லை. திங்களுக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்தியோ, விளம்பரத்தைச் சகித்துக்கொண்டோ, உலகின் பாடல்கள் அனைத்தையும் கைப்பேசியில் கேட்கிறோம். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2019-இல் இந்தியாவுக்கு வந்தது. அதைப் போன்ற இந்தியத் தளங்களும் உண்டு. இத்தளங்கள் பணம் பிரிக்கும் முறை பெரும்பாலும் இதுதான்: திரண்ட வருவாயின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்து, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பதிவும் பெற்ற விகிதப்படி பதிவின் உடைமையாளருக்குக் கொடுப்பது. நான் மாதம் முழுவதும் நாகசுரம் மட்டுமே கேட்டாலும், என் கட்டணம் நேரே நாகசுரக் கலைஞருக்குப் போவதில்லை. அது பொதுக் குளத்தில் விழுந்து, அதிகம் கேட்கப்பட்ட பாடல்களை நோக்கியே பெரிதும் ஓடுகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதியையும் சேர்த்தது. பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு அத்தொகையில் ஒன்றுமில்லை. சிற்றூர்க் கலைஞனின் பதிவு அந்த எல்லையைத் தாண்டுவது எளிதா?

பதிவின் உடைமையாளருக்குப் போன பணம் வாசித்தவருக்கு வருமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரு நாள் கூலிக்கு வாசித்தவர்க்கு ஒப்பந்தம் ஏது? அவர் வாசித்த பாடல் கோடி முறை கேட்கப்பட்டாலும் அவர் வீட்டு அடுப்பு அதனால் ஒரு வேளை கூட அதிகமாக எரியாது.

தன் கையே தனக்குப் பகையாக

மாமாவுக்கு இணையாக வாசிக்கும் தவில்கார அண்ணன் ஒருவர் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்தார்கள். பாட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே, மெதுவாகவும் வேகமாகவும், மென்மையாகவும் அழுத்தமாகவும் அடிக்கச் சொன்னார்கள். மாலையில் ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்தார்கள். அவரும் மகிழ்ச்சியோடு வந்தார். இப்போது மணமேடை இன்னிசைக் கச்சேரிகளில் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் தவில் ஒலிக்கிறது. “அது என் கைதான் தம்பி, வலந்தலையிலே என் கூடு விழற சத்தம் எனக்குத் தெரியாதா?” என்கிறார் அவர். அவரை அழைக்க வேண்டிய கச்சேரியில் அவருடைய கையே அவருக்குப் பதிலாக வாசிக்கிறது. முதலில் விற்கப்பட்டது அவருடைய ஒரு நாள் உழைப்பு என்று அவர் நினைத்தார். உண்மையில் விற்கப்பட்டது அவருடைய எஞ்சிய நாட்கள்.

செயற்கை நுண்ணறிவு இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போய்விட்டது. 2024-இல் வந்த ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்கள் பொறியின் துணையால் மீண்டும் ஒலித்தன. அவர்கள் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய தொகையும் அளித்ததாக ரகுமான் அறிவித்தார். மறைந்தவரின் பங்கு உறவினரைச் சேர வேண்டும் என்ற தஞ்சைக் கல்வெட்டின் நெறி ஆயிரம் ஆண்டுக்குப் பின் மறுபடி தலைகாட்டியது எனலாம். ஆனால் இசைவு கேட்பது இங்கே ஒருவருடைய பண்பாக இருக்கிறது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதியாக இன்னும் ஆகவில்லை. அதே ஆண்டில் பாடகர் அரிஜித் சிங் தம் குரலைப் பொறிகள் போலி செய்வதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றார். நாடறிந்த பாடகர் நீதிமன்றம் ஏறலாம். தவில்கார அண்ணன் எந்த நீதிமன்றம் ஏறுவார்? குரலையாவது கேட்டவர் இன்னாருடையது என்று சொல்வார்கள். கையின் நாதத்தை யார் அடையாளம் சொல்வார்கள்?

அமெரிக்காவில் 2024 சூன் திங்களில், உலகின் மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சேர்ந்து, கேட்ட மாத்திரத்தில் பாடல் செய்து தரும் சூனோ, யூடியோ என்னும் இரு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. தம் பதிவுகளைத் தம் இசைவின்றிப் பொறிக்குக் கற்பித்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025-இன் இறுதிக்குள் அந்த மூன்றில் இரண்டு, வழக்காடிய எதிரிகளோடே உடன்பாடு செய்துகொண்டு கூட்டாளிகளாயின. விரும்பும் கலைஞரின் படைப்புகளையே பயன்படுத்துவோம் என்று அவை கூறியுள்ளன, அது நன்றே. ஆயினும் அந்தப் பேச்சு மேசையில் நாற்காலி போடப்பட்டது உடைமையாளர்களுக்கு. பதிவில் வயலின் இழுத்தவருக்கும் மேளம் தட்டியவருக்கும் அங்கே இடமில்லை.

நாம் செய்ய வேண்டுவன

இதையெல்லாம் படிப்போர், இவன் அறிவியலுக்கு எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. மாமாவின் முகூர்த்தங்கள் இன்று கைப்பேசி வழியாகத்தான் உறுதியாகின்றன. நூறு கல் தொலைவில் உள்ளவர் அவர் வாசிப்பைக் காணொளியில் கேட்டுவிட்டு அழைக்கிறார். விடியற்காலையில் அவர் சாதகம் செய்வதும் சுருதிப் பெட்டியோடுதான். பொறி கலைஞனுக்குப் பகையன்று. பொறி யாருடையது, அது ஈட்டுவதில் யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை பொறியில் இல்லை; ஒப்பந்தத்தில் இருக்கிறது, சட்டத்தில் இருக்கிறது, சங்கத்தில் இருக்கிறது.

ஆகவே, வாசித்த ஒவ்வொருவர் பெயரும் பதிவோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். ஒலியின் நெடுக்கையும் அகலத்தையும் நுணுக்கமாக அளக்கும் கணிப்பொறிக்குப் பத்துப் பெயர்களைச் சுமப்பது பாரமாகாது. ஒரு பாட்டுக்கு வாசிப்பது வேறு. பொறிக்குக் கற்பிக்க ஒலியைத் தருவது வேறு. இரண்டாவதற்குத் தனி இசைவும் தனித் தொகையும், அது பயன்படும் காலமெல்லாம் ஒரு பங்கும் வேண்டும். நம் மொழியிலேயே மறுப்பு எழுத ஒரு வழி, தவறாக உரிமை கோருவோர்க்கு ஒரு தண்டனை என்பன இருந்தால் மருமகன் இல்லாத மேளக்காரனும் பிழைப்பான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் சுரமும் தாளமும் கற்பிப்பதோடு, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்பிக்கலாம்.

மாணவ நண்பர்களே! நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. நம் கல்லூரி விழா நெருங்குகிறது. ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு ஆடுவது எளிது, செலவும் குறைவு. அதில் ஒரு மணி நேரத்தையாவது நம் ஊரின் நாகசுரத்திற்கோ, பறைக்கோ, நையாண்டி மேளத்திற்கோ ஒதுக்குவோம். அழைப்பிதழில் தாளம் போடுபவர் உட்பட ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுவோம். வாசித்து முடித்ததும் பேசிய தொகையை அன்றே, அவர்கள் கையிலேயே, மரியாதையோடு கொடுப்போம். கேட்டவனே கொடுக்கும் அந்தப் பழைய அறம், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை இந்த ஆண்டு விழாவிலேயே தொடங்கலாம்.